பத்துப் பாகம் கயிறு

சார்லஸின் காலடியில் தரை அசையாமல் நின்று வெகுகாலமாகிறது. இருபத்தேழு வருஷம் விசைப்படகில் நின்ற உடம்பு. டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கும்போதும், மாதா கோயிலில் பூசைக்கு நிற்கும்போதும் அது தானாக இடப்பக்கம் கொஞ்சம் சாயும், பிறகு வலப்பக்கம் வரும். பக்கத்தில் நிற்கிறவனும் கடலுக்குப் போகிறவனாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே அசைவார்கள். ஜெகதாப்பட்டினத்தில் அதை ஒரு குறையென்று யாரும் எடுத்துச் சொன்னதில்லை. முதன்முதலாகச் சொன்னது, பொன்னமராவதிப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த விளையாட்டு டீச்சர் சத்யபிரியாதான்.

"அண்ணே, ஆடாம நில்லுங்க."

"நான் எங்க டீச்சர் ஆடுறேன். சும்மா நிக்கிறேன்."

"சும்மாதான் நிக்கிறீங்க. ஆனா நீங்க நிக்கிறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

கோடை முகாமுக்கு வந்திருந்த பெண்பிள்ளைகள் பத்துப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மடித்துக் கட்டிய கைலியும், கையில் மூங்கில் வில்லுமாக நின்ற சார்லஸுக்கும் சிரிப்பு வந்தது. நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் பள்ளிக்கூட மைதானத்தில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால் சிரிக்காமல் என்ன செய்வது.

அவன் அங்கே வந்து சேர்ந்ததற்கு வலைதான் காரணம். சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் ஒன்றோடொன்று தோளை உரசிக்கொண்டு கிடந்தன. ஐஸ் கம்பெனிகள் மூச்சை நிறுத்திவிட்டன. பகல் முழுக்க ஊரே அரைத்தூக்கத்தில் இருந்தது. வெயில் உப்பளத்தின்மேல் நீர்போல் நெளிந்தது. தூரத்தில் போகிற பஸ் தரையைத் தொடாமல் போகிறதா என்று தோன்றும். அப்படி ஒரு நாள்தான் டீச்சர் ஆளனுப்பினாள். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து வில்லும் ஒரு கட்டு அம்பும் வந்திருக்கின்றன, குறிப்பலகைக்குப் பின்னால் ஒரு வலை கட்ட வேண்டும், யாராவது வலைக்காரர் வருவார்களா என்று.

டீச்சர் தானே ஒரு பழைய வலையைக் கட்டிப் பார்த்திருந்தாள். வாலிபால் வலையைப்போல விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தாள். குறி தப்பிய அம்பெல்லாம் வலையைத் துளைத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய்விட்டன. பிள்ளைகள் முள்ளில் கீறிக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வெறச்ச வலையில மீனே நிக்காது டீச்சர், அம்பு நிக்குமா?" என்றான் சார்லஸ்.

அவிழ்த்து, அடியில் ஒரு முழம் தரையில் புரளும்படி தொளதொளவென்று தொங்கவிட்டான். அடுத்து வந்த அம்பு வலையில் பட்டு, அதைக் கொஞ்சதூரம் பின்னால் தள்ளிக்கொண்டு போய், சோர்ந்து கீழே விழுந்தது. டீச்சர் கைதட்டினாள். பிடித்ததை வைத்துக்கொள்ள வலைக்குத் தளர்ச்சி வேண்டும் என்பது அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் இல்லை. அதைக் குறித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் சார்லஸ் வந்துகொண்டிருந்தான். சாயங்காலம் மூன்றரைக்கெல்லாம் வந்து, வைக்கோல் பலகையை நிமிர்த்தி, வலையில் கிழிசல் பார்த்து, அம்பு பொறுக்கிக் கொடுப்பான். சனிக்கிழமை என்றால் இன்னும் சீக்கிரமாக வருவான். எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று டீச்சர் நினைத்தாள். உண்மை வேறு. சனிக்கிழமை நாலரை மணிக்கு வீட்டுக்கு ஒரு போன் வரும். அந்த நேரத்தில் அவன் வீட்டில் இருக்க முடியாது.

போன் வருவது கடலுக்கு அந்தப் பக்கமிருந்து. அங்கே ஜெயிலில் இருக்கிறான் ஜெபக்குமார், சார்லஸின் மனைவி ஷர்லியின் தம்பி. போன கார்த்திகையில் எல்லை தாண்டியதாகப் படகோடு பிடிபட்ட நாலு பேரில் அவன் ஒருவன். முதல் தடவை பிடிபட்ட மூன்று பேரையும், அதாவது டிரைவர் மூக்கனையும் சார்லஸையும் இன்னொருவனையும், மூன்று மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை பிடிபட்டால் இரண்டு வருஷம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஜெபக்குமாருக்கு அது இரண்டாவது முறை. அவனைத் தனியாக வேறு கொட்டடியில் வைத்து, இரண்டு வருஷம் தண்டனை போட்டுவிட்டார்கள்.

எப்படிப் பிடிபட்டீர்கள் என்று ஷர்லி கேட்டபோது, இன்ஜின் நின்றுபோச்சு என்று சொன்னான் சார்லஸ். மூக்கனும் அதையே சொன்னான். படகில் நடந்ததைக் கரையில் பேசுவதில்லை என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை, மீறியதும் இல்லை. ஒருவன் பயந்து அழுதிருந்தாலும், ஒருவன் தவறு செய்திருந்தாலும், அது படகைக் கழுவுகிற தண்ணீரோடு போய்விட வேண்டும். அந்த வழக்கத்துக்குப் பின்னால்தான் சார்லஸ் மூன்று மாதமாக ஒளிந்துகொண்டிருந்தான்.

"மச்சான்கிட்ட குடுக்கான்னு ஒவ்வொரு வாரமும் கேக்குறான்," என்பாள் ஷர்லி.

"வேல இருக்குல்ல. நல்லா இருக்கானான்னு நீ கேட்டியா?"

"கேட்டேன். ஒங்ககிட்டதான் பேசணுமாம்."

"அடுத்த வாரம் பேசுறேன்."

அடுத்த வாரமும் மூன்று மணிக்கெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஷர்லி பார்த்துக்கொண்டு நிற்பாள். தம்பியை நினைத்து மனசு தாங்காமல் ஓடுகிறார் என்று அவளாக ஒரு காரணம் வைத்துக்கொண்டாள். நல்ல மனைவிகள் அப்படித்தான் சில சமயம் புருஷனுக்கு வக்கீலாகிவிடுகிறார்கள்.

சார்லஸ் வில்லைத் தொட்டது ஒரு விளையாட்டாகத்தான். ஒரு நாள் பிள்ளைகள் எல்லாம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, "நீங்களும் ஒரு அம்பு விட்டுப் பாருங்கண்ணே. வலை கட்டுனவருக்கு அது உரிம," என்றாள் டீச்சர். அவளே பத்து நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்தவள். ஒவ்வொன்றையும் நோட்டைப் பார்த்துச் சொல்வாள், மறந்துபோனால் வெட்கப்படாமல் பக்கத்தைப் புரட்டுவாள்.

"குறிக்குப் பக்கவாட்டுல நில்லுங்க. ரெண்டு காலுக்கும் நடுவுல தோள் அகலம். எடைய ரெண்டு கால்லயும் சமமா வைங்க. அம்போட வால்ல பொளவு இருக்குல்ல, அத நாண்ல மாட்டுங்க. ஒரு எறகு மட்டும் வேற கலர்ல இருக்கும் பாருங்க, அது ஒங்களப் பாத்து இருக்கணும். இப்ப மூணு விரல். அம்புக்கு மேல ஒண்ணு, கீழ ரெண்டு. நாண விரலோட மொத மடிப்புல கொக்கி மாதிரி மாட்டணும். அவ்வளவுதான், அண்ணே, என்ன பண்றீங்க?"

சார்லஸ் நாணை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். ஈரக் கயிற்றை அப்படித்தான் பிடிப்பது. இல்லையென்றால் வழுக்கிப் போய்விடும்.

"கையப் பிச்சிரும்ணே. விரல் மட்டும்."

விரலுக்கு மாற்றினான். அடுத்து இழுவை. டீச்சர் சொன்னபடி முதுகு இழுக்க வேண்டும், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிற மாதிரி. சார்லஸ் காலை ஊன்றி, இடுப்பைப் பின்னால் தள்ளி, மொத்த உடம்பையும் கயிற்றில் தொங்கவிட்டான். மீன் நிறைந்த வலைமடியை இழுக்கிற இழுவை. வில் பாவம், முனகியது.

"நீங்க வில்ல இழுக்கல. அதக் கரைக்குக் கொண்டாறீங்க."

நாலு நாள் ஆயிற்று, நிமிர்ந்து நின்று இழுக்கக் கற்றுக்கொள்ள. வில் பிடிக்கிற இடக்கையை இறுக்கக் கூடாது, கட்டைவிரல் மேட்டில் சும்மா சாய்த்து வைக்க வேண்டும். முழங்கையைக் கொஞ்சம் வெளியே திருப்பாவிட்டால் நாண் வந்து கையில் சுளீரென்று அடிக்கும்; பிள்ளைகள் ஒவ்வொருத்தி கையிலும் அந்தச் சிவப்புக் கோடு இருந்தது. இழுத்த கை தாடைக்குக் கீழே வந்து அமர வேண்டும். நாண் மூக்கு நுனியையும் தாடையையும் தொட வேண்டும். தினமும் அதே இடம். அந்த இடம் மாறினால் அம்பு போகிற இடமும் மாறும். இதையெல்லாம் சார்லஸ் செய்துவிட்டான். டீச்சர் மூன்று வரை எண்ணினாள்.

"விடுங்க."

சார்லஸ் விடவில்லை.

"விடுங்கண்ணே."

மெதுவாகக் கையை முன்னால் கொண்டுவந்து, நாணைப் பழைய இடத்தில் சேர்த்தான். அன்றைக்குப் பதினோரு முறை இழுத்தான். பதினோரு முறையும் இறக்கிவிட்டான். விரல்கள் ரத்தம் செத்து வெள்ளையாகிவிட்டன.

"விடத்தான் நெனைக்கிறேன் டீச்சர். கை கேக்கல."

"விடுறதுன்னு தனியா ஒரு வேலை இல்லண்ணே. புடிக்கிறத நிறுத்துறதுதான். நாம ஒண்ணும் செய்ய வேணாம்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது அவன் கைக்குத் தெரியாது. படகில் கயிற்றை விட்டவன் காலை அந்தக் கயிறு சுற்றிக்கொண்டு போகும். விட்டவனால் இன்னொருவன் கடலில் விழுவான். பதினாறு வயதில் ஏறிய நாளிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அது. ஆனால் சார்லஸுக்கு வேறொன்றும் தெரியும். இந்த ஒரு பாடத்தால்தான் ஜெபக்குமார் உள்ளே இருக்கிறான்.

நாணை முழுதாக இழுத்து நிறுத்தியதும் ஒரு அமைதி வரும். காற்றின் சத்தம் போய்விடும். பிள்ளைகளின் பேச்சு எங்கோ தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆகும். பத்து மீட்டர் தள்ளி இருக்கிற மஞ்சள் வட்டம் மெல்ல மேலே ஏறும், கீழே இறங்கும், அலையில் மிதக்கிற மிதவைபோல. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜெயிலிலிருந்து வந்தபிறகு அவன் கண்ணுக்கு இவ்வளவு நிம்மதியான ஒரு பொருள் கிடைத்ததில்லை. ஆனால் அந்த அமைதிக்குள்ளேயே அன்றைய விடிகாலையும் வந்துவிடும்.

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. வலையின் வாயை விரித்து வைக்கிற பலகைகள் இரண்டும் மேலே வந்துவிட்டன. மீன் சேர்ந்திருக்கிற மடி மட்டும் தண்ணீரில். சார்லஸ் பின்பக்கம் திரும்பி நின்று நைலான் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறான். மடி கனக்கிறது. ஒரு மாதமாக வெறும் மடி இழுத்த கைக்கு அந்தக் கனம் சந்தோஷமாக இருக்கிறது. மூக்கன் முன்னாலிருந்து அறு, அறு என்று கத்துகிறான். மடியோடு படகு ஓடாது. பக்கத்தில் ஜெபக்குமார் கத்தியை எடுத்துவிட்டான். பொறு மாப்ள, என்றான் சார்லஸ், இன்னும் பத்துப் பாகந்தான். பாகம் என்பது இரண்டு கையையும் அகல விரித்தால் வருகிற நீளம். பத்து முறை கையை விரித்து மடக்குகிற நேரம். அதற்குள் எல்லைக் காவலின் சாம்பல் நிறப் படகு பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

அந்தச் சனிக்கிழமையும் சார்லஸ் மைதானத்தில் இருந்தான். கோட்டில் நின்று, மாட்டி, இழுத்து, தாடைக்குக் கீழே கையை அமர்த்தியாயிற்று. மஞ்சள் வட்டம் ஏறி இறங்கியது. இந்தத் தடவை விட்டுவிடலாம் போலிருந்தது. விரல்கள் தளர்கிற மாதிரி ஒரு எண்ணம் முதுகில் ஓடியது. அப்போது வலைக்குப் பக்கத்தில் கருவேலங்காட்டுக் குறுக்குப் பாதையிலிருந்து ஒரு ஊதாச் சேலை வெளியே வந்தது.

டீச்சரின் விசில் வீறிட்டது. அவள் ஊதுவதை நிறுத்தவே இல்லை. சார்லஸின் கை அப்படியே நின்றது. குறிப்பலகைக்கு இரண்டு முழம் தள்ளி, ஒரு கையில் செருப்பும் மறு கையில் போனுமாக ஷர்லி நின்றுகொண்டிருந்தாள். வேலை பார்க்கிற நண்டுக் கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்கிறாள், தலையில் இன்னும் அந்த வெள்ளைத் தொப்பி.

சார்லஸ் மெல்ல இறக்கினான். அம்பைக் கழற்றித் தரையில் வைத்தான். டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"ஒங்களுக்கு விடத் தெரியாதது எவ்வளவு நல்லதாப் போச்சு," என்றாள் அவள். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஷர்லிக்கு எதுவும் புரியவில்லை. அவள் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து, "இருடா, இந்தா, இங்கதான் இருக்காரு," என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்து அவனிடம் நீட்டினாள். "புடிங்க. இந்த வாரம் ஒங்ககிட்ட மட்டுந்தான் பேசுவானாம்."

சார்லஸ் ஒரு அடி பின்னால் போனான். போனைப் பார்த்தான். அதிலிருந்து "மச்சான், மச்சான்" என்று சின்னதாக ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. ஷர்லி போனைத் தன் காதுக்குக் கொண்டுபோனாள்.

"கைவேலையா இருக்காருடா," என்றாள்.

ஜெயிலில் பேச விடுகிற ஐந்து நிமிஷமும் அப்படியே தீர்ந்தது. போன் தானாக அணைந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டீச்சர் வகுப்பறைப் பக்கம் போய்விட்டாள். வைக்கோல் பலகைக்குப் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் நின்றார்கள். தொளதொளத்த வலை காற்றில் உப்பி, அடங்கிக்கொண்டிருந்தது.

"அவன் என்ன பாவம் பண்ணான் ஒங்களுக்கு?"

"அவன் ஒண்ணும் பண்ணல. நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"இன்ஜின் நிக்கல ஷர்லி."

அதைச் சொல்லியபிறகு மற்றதைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். நண்டு ஓட்டைப் பிரித்து உள்ளே இருக்கிற சதையைத் துண்டு துண்டாக எடுக்கிற வேலை பார்க்கிறவள், கேள்வியையும் அப்படித்தான் கேட்டாள்.

"எவ்வளவு கயிறு பாக்கி?"

"பத்துப் பாகம்."

"கத்தி?"

"மாப்ள கையில இருந்துச்சு."

"மூக்கண்ணன் அறுக்கச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பொறுன்னேன்."

"எதுக்கு?"

"மடி கனத்துச்சு. ஒரு மாசமா ஒண்ணுமில்ல. அன்னக்கித்தான் எறாலு."

ஷர்லி தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றினாள்.

"அந்த எறால யாரு தின்னா?"

"தெரியல."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவன் பின்னால் நடந்தான். வீடு வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஷர்லி விடிகாலையில் எழுந்து சோறு வடித்தாள், நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். தட்டில் சோறு வைக்கும்போது கை பட்டுவிடாமல் வைத்தாள். பேச்செல்லாம் வீட்டுப் பூனையோடு. "கொழம்பு சூடாத்தான் இருக்கு, வேணுங்கிறவுக எடுத்துப் போட்டுக்கலாம்," என்று பூனையிடம் சொல்வாள். பூனை சார்லஸைப் பார்க்கும். வெயில் ஓட்டின்மேல் நாள் முழுக்கப் படுத்திருந்தது. அவன் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யாருடைய வலையையோ பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தான். கோத்ததையே மறுபடி பிரித்தான். மனசு முழுக்க வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் வாய் திறந்தாள். வேலையிலிருந்து வந்து, வாளித் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டிருந்தாள். நண்டு ஓடு கீறிய விரல்கள் அவளுக்கு எப்போதும் எரியும்.

"எங்கம்மா செத்தப்ப அவனுக்கு ஒம்போது வயசு," என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "நான்தான் சோறு ஊட்டுனேன். ஒங்ககூடப் படகுல ஏத்தி விட்டது, நீங்க பாத்துக்கிடுவீங்கன்னு."

"தெரியும்."

"தெரியாது ஒங்களுக்கு. நீங்க பொறுன்னதுகூட எனக்கு வெளங்குது. எந்தக் கடல்காரன் ரொம்பின மடிய அறுப்பான். எங்கப்பாவும் அறுத்திருக்க மாட்டாரு. ஆனா மூணு மாசமா அவன் போன்ல மச்சான் மச்சான்னு கூப்புடுறான், நீங்க சட்டைய மாட்டிக்கிட்டுப் போனீங்க பாருங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சனிக்கிழமை நீங்கதான் எடுக்கணும். நான் எடுக்க மாட்டேன். அடிச்சு அடிச்சு நின்னு போனாலும் எடுக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் போனான். வீட்டிலும் இருக்க முடியவில்லை. முகாமுக்கு அன்று கடைசி நாளுக்கு முந்தின நாள். குறுக்குப் பாதையின் வாயில் கருவேலமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தான். முதல் காரியம் அதுதான். பிள்ளைகள் எல்லாரும் எய்து முடித்து, மூன்று விசில் கேட்டு, அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தபிறகு, டீச்சர் வில்லை அவனிடம் நீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

காற்று விழுந்திருந்தது. கடல் இருக்கிற திசையில் சத்தமே இல்லை. கோட்டில் நின்றான். மாட்டினான். மூன்று விரல். முதுகு இழுத்தது. நாண் மூக்கைத் தொட்டது, தாடையைத் தொட்டது. வட்டம் மேலே ஏறியது, இறங்கியது. சார்லஸ் எதையும் யோசிக்கவில்லை. ஷர்லியின் விரல்கள் தண்ணீருக்குள் இருந்தது மட்டும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அவ்வளவு நேரம் கை வலித்திருக்க வேண்டும், வலிக்கவில்லை.

பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. அம்பு போனதை அவன் பார்க்கவில்லை. எதிரே வைக்கோலில் அது குத்தி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. வலக்கை எப்போது பின்னால் போனதென்று தெரியவில்லை, காதுக்குக் கீழே கழுத்தோரமாக நின்றது. அந்தக் கையை இறக்கிப் பார்த்தான். ஏதோ அடுத்தவன் கை மாதிரி இருந்தது. பயமாகவும் இருந்தது.

"எங்கிட்டு டீச்சர் போச்சு?"

"காகிதத்துல இல்ல. அந்தா, கீழ, இடது மூலையில. வைக்கோல்ல."

"மோசமா?"

"மொத அம்புண்ணே. வெளிய போகாம இருந்ததே போதும்." டீச்சர் நோட்டில் எழுதினாள். "இன்னக்கி என்ன நெனச்சு விட்டீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல. வீட்டுல சண்ட."

இன்னும் ஐந்து அம்பு விட்டான். இரண்டு வைக்கோலில் ஏறின. மூன்று வலைக்குப் போய், அவன் கட்டிய தளர்ச்சியில் சோர்ந்து விழுந்தன.

சனிக்கிழமை சட்டை மாட்டவில்லை. மூன்று மணியிலிருந்து போனைத் தரையில் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தான். ஷர்லி அடுப்படி வாசலில் சாய்ந்து நின்றாள். நாலரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அடித்தது. நாலு முறை அடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தான். எடுத்து, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா?"

"நான்தான் மாப்ள."

அந்தப் பக்கம் யாரோ தூரத்தில் இரும்பு வாளியை இழுத்துப் போகிற சத்தம் மட்டும்.

"மச்சான்?"

"நான்தான். மாப்ள, அன்னக்கி விடிகாலையில..."

"மச்சான், நான் மொதல்ல சொல்லிக்கிறேன். டயம் கொஞ்சந்தான்." ஜெபக்குமாரின் குரல் அவசரமாக வந்தது, வெகுநாளாக வரிசைப்படுத்தி வைத்திருந்ததைப்போல. "நீ பின்னால பாத்து நின்ன. ஒனக்குத் தெரியாது. அந்தப் படகு வாரத நான்தான் பாத்தேன். நல்லாப் பாத்தேன். கத்தி என் கையில இருந்துச்சு. மூக்கண்ணன் அறுன்னு கத்துறாரு. ரெண்டாந்தடவ புடிபட்டா எனக்கு என்னன்னும் தெரியும். ஒரு வீச்சு வீசியிருந்தா எல்லாரும் வீட்டுக்கு வந்திருக்கலாம். நீ பொறுன்னதும் நான் பேசாம நின்னுட்டேன். அக்காகிட்ட இத எப்புடிச் சொல்றது. நீ பேச வராம இருக்கவும் எனக்குப் புரிஞ்சிருச்சு மச்சான். என்னாலதானே நீயும் மூணு மாசம் இங்க கெடந்த. என்மேல கோவமாத்தான் இருப்பன்னு..."

சார்லஸ் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மூன்று மாதமாக அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிய ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பக்கம் ஒருவன் தன்னையே குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஷர்லி அடுப்படி வாசலிலிருந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"டேய் ஜெபா," என்றாள். "ஒங்க ரெண்டு பேரையும் அந்த மடிக்குள்ளயே போட்டுக் கட்டி வெயில்ல காயப்போடணும்டா."

அந்தப் பக்கம் ஜெபக்குமார் சிரித்தான். அழுகிறானோ என்றும் சந்தேகமாக இருந்தது. வேறொரு குரல் வேறொரு பாஷையில் ஏதோ சொன்னது.

"மாப்ள, கேளு," என்றான் சார்லஸ். "கோவமெல்லாம்..."

போன் அணைந்துவிட்டது. சார்லஸ் திரும்ப அழைத்துப் பார்த்தான். அந்த எண்ணுக்கு இங்கிருந்து போகாது என்று அவனுக்கும் தெரியும். ஷர்லி அவன் கையிலிருந்து போனை வாங்கவில்லை. வெகு நேரம் இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வைகாசி முடிந்ததும் தடைக்காலமும் முடிந்தது. துறைமுகத்தில் டீசல் வாசனை வந்துவிட்டது. ஐஸ் உடைக்கிற சத்தம் விடியும்போதே கேட்டது. படகு முதலாளி உதயசூரியன் புல்லட்டில் வாசலுக்கே வந்து நின்றார்.

"என்ன சார்லஸ், நாளைக்கி வந்துருவீல்ல? திங்க, பொதன், சனி. பழையபடிதான். எல்லைக்கு இங்கிட்டே நிப்போம், பயப்படாத."

"திங்களும் பொதனும் வாரேன் மொதலாளி. கயித்துக்கு வேற ஆளப் போடுங்க, நான் ஐஸ் பாத்துக்கிடுறேன். சனிக்கிழமை மட்டும் வர மாட்டேன்."

"நல்லா மீன் கெடைக்கிற நாள விட்டுட்டு? சனிக்கிழமைக்கி என்ன, அந்த டீச்சரம்மா மைதானத்துல அம்பு விடுறியாமே, அதுவா?"

"இல்ல மொதலாளி. மாப்ள பேசுவான். அவன்கிட்ட ஒரு வார்த்த பாதியில நிக்கிது."